சைதாப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் வரை: ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கும், வேறு சாமி கும்பிட்டாலும் எங்கள் கஷ்டத்தில் ஓடிவந்து நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

எங்கள் சபைக்கு இந்த ஜனவரியோடு ஐம்பது வயது நிறைகிறது. 1976-ல் சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரையில், ஓர் ஓலைக் கொட்டகையில் ஒன்பது குடும்பங்கள் கூடி ஜெபித்ததுதான் தொடக்கம். இம்மட்டும் நடத்தினவருக்கு ஸ்தோத்திரம். இப்போது ஆறாவது பத்தாண்டுக்குள் கால் வைக்கிறோம். இப்படியொரு வேளையில் பொன்விழா மலர் போடுவது வழக்கம். நாங்கள் போடவில்லை. மலருக்குச் சேர்த்த பணத்தை வேறொரு வேலைக்கு எடுத்துவைத்தோம், அதைப் பிறகு சொல்கிறேன். மலருக்குப் பதில் இந்த மடல்.

நான் இங்கே போதகராக வந்தது 2014-ல். சபையாரின் பெயர்கள் முழுதாக மனதில் பதிவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் வந்தது என்பதெல்லாம் பிறகு பத்திரிகையில் படித்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது கரண்ட் போனதும், முழங்காலளவு இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்புக்கு ஏறியதும்தான். மறுநாள் மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தே நின்றுபோனது.

அன்று எங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் மாடியில் தங்கவைத்த பள்ளிவாசல் ஜமாத் பெரியவர்களே, தொழுகைக்கு விரித்த பாயையே எங்கள் குழந்தைகளுக்குப் படுக்கப் போட்டீர்கள். பிள்ளையார் கோயில் கமிட்டி அண்ணன்மார்களே, அன்னதானப் பாத்திரங்களை இறக்கி மூன்று நாள் சாம்பார் சாதம் கிளறினீர்கள். கடற்கரைக் குப்பங்களிலிருந்து படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவத் தம்பிகளே, உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, மன்னியுங்கள். தண்ணீர் வடிந்தபின் இடுப்பளவு சேற்றையும் குப்பையையும் அள்ளியவர்கள் வெளியூர் நகராட்சிகளிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்கள். சரியான கையுறைகூட இல்லாமல் அவர்கள் அள்ளியதை நான் பார்த்தேன். பத்து வருஷமாகியும் அந்தக் கைகளை மறக்க முடியவில்லை.

ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக நன்றி சொல்ல வேண்டும். எங்கள் பைண்டிங் அண்ணனுக்கு. சபையின் ஞானஸ்நான ஏடும் திருமண ஏடும் இருந்த மர பீரோ தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தது. திறந்தபோது ஏடுகள் ஊறிப்போய் களிமண் கட்டிபோல் இருந்தன. நான் அவற்றை மொட்டைமாடியில் வெயிலில் போடப் போனேன். "ஐயா, வெயில்ல போட்டா தாள் முறுக்கிக்கும், பிரிக்கவே முடியாது" என்று தடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போனார். ஒவ்வொரு தாளையும் தென்னங்குச்சியால் நெம்பிப் பிரித்து, நடுவில் அச்சடிக்காத வெள்ளைக் காகிதம் வைத்து, காகிதம் ஈரமாக ஆக மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார். பழைய காலத்து மசி நின்றது. பேனா மையில் எழுதியது கரைந்து நீலப் புகைபோல ஆகிவிட்டது. ஐந்து வாரம் ஆனது. கூலி என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை. கடைசியில் புது அட்டை போட்டு என் கையில் கொடுத்தபோது, "பதினோரு பக்கம் போச்சு ஐயா. அந்தக் குடும்பங்களப் போய்க் கேட்டு எழுதிடுங்க" என்றார்.

கேட்கப் போனேன். அங்கேதான் என் ஊழியத்தின் பெரிய தவறு எனக்குத் தெரிந்தது.

வெள்ளத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஆற்றங்கரை வீடுகளை இடித்து, மக்களைச் சென்னையின் தெற்கு ஓரத்தில் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் கொண்டுபோய், அரசு கட்டிய அடுக்குமாடிகளில் குடியமர்த்தினார்கள். சபையில் பாதிக்கு மேல் அப்படிப் போனவர்கள்தான். சட்டிபானை, கட்டில், டிவிப் பெட்டியோடு லாரியில் ஏறினார்கள். அந்த வாரங்களில் நான் என்ன செய்தேன்? சபைச் சுவர் எழுப்ப நன்கொடைச் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் காலியாக இருந்தபோது, பஸ் பிடித்து வருவார்கள் என்று நினைத்தேன். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் எல்லாம் தாண்டி வர வேண்டும். இரண்டு பிள்ளைகளோடு வருகிற ஒரு தாய்க்கு அந்த பஸ் காசு ஒரு நாள் காய்கறிக் காசு.

ஏட்டைத் தூக்கிக்கொண்டு பெரும்பாக்கத்தில் மாடி மாடியாக ஏறினேன். லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. ஏட்டிலிருந்த விலாசம் ஒன்றுகூட இப்போது பூமியில் இல்லை, எல்லாம் ஆற்றோரத் தெருப் பெயர்கள். மேல்மாடியில் ஒரு பாட்டி கதவைத் திறந்தார். கரைந்துபோன பக்கத்தில் அவருடைய கல்யாணமும் இருந்தது. தேதியைச் சொல்லி எழுதவைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேட்டார்: "ஐயா, எங்கள எல்லாம் லாரில ஏத்துனாங்க. சர்ச்ச மட்டும் ஏன் அங்கயே வுட்டுட்டீங்க?"

பதில் இல்லை. படியிறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கினேன். அந்தப் பாட்டிக்கு என் முதல் நன்றி. அவர் இன்று நம்மோடு இல்லை.

அதன்பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் காரணம் நீங்கள்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அண்ணன் ஞாயிறு தோறும் டீசல் காசுக்கு மட்டும் வண்டி எடுத்தார். ஆறாவது மாடி அக்கா புதன்கிழமை ஜெபத்துக்குத் தன் ஒற்றை ஹாலைத் திறந்துவிட்டார், சமையலறை வாசல்வரை ஆட்கள் உட்காருவார்கள். ஓய்வு பெற்ற வங்கி அம்மா அங்கே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். மழைக்கால இருட்டிலும் ஒரு மாலை வகுப்பு விட்டதில்லை. என் மனைவியைப் பற்றி எழுதினால் அடித்துவிடச் சொல்வார், ஆகவே விடுகிறேன்.

2020-ல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சபைக் கதவு பூட்டியிருந்தது. ஏப்ரல் 12 ஈஸ்டர் ஞாயிறன்று செல்போனைப் பார்த்துப் பிரசங்கம் செய்தேன். கூலி வேலையெல்லாம் நின்றுபோன அந்த மாதங்களில் பெரும்பாக்கத்து மளிகைக்கடைக்காரர் எங்கள் சீட்டைக் கொண்டுபோனவர்களுக்கெல்லாம் அரிசி பருப்பு கொடுத்தார். பாக்கியில் பாதியை இன்றுவரை வாங்க மறுக்கிறார். 2021 மே மாதம், ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்த நாட்களில், எங்கள் சபையைச் சேர்ந்த செவிலியர் தங்கை சாகும் நிலையில் இருந்தவர்களின் காதில் போனை வைத்து நான் ஜெபிக்கும்படி செய்தார். இறந்தவர்களைப் பாதுகாப்பு உடை போட்டுத் தூக்கி இறக்கியவர்கள் முஸ்லிம் இளைஞர்கள். குழிக்குள் இறக்கியபின் விலகி நின்று, "நீங்க ஜெபம் பண்ணுங்க சார், நாங்க நிக்கிறோம்" என்றார்கள். இதற்கு நன்றி சொல்ல எனக்குத் தமிழ் போதவில்லை.

சரி, இனி வரும் பத்து வருஷம். பயம் இல்லாமல் இல்லை.

2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. ஆற்று வெள்ளம் ஆபத்து என்று அழைத்துப்போன மக்களை வைத்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம். சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்? அடுத்த பெருமழைக்கு முன் ஒவ்வொரு பிளாக்கிலும் தனியாக இருக்கும் முதியவர்கள் யார், எந்த மாடி, என்ன மாத்திரை என்பதை எழுதிவைக்கும் வேலையை வாலிபர்களிடம் கொடுத்திருக்கிறேன். மதம் பார்க்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து, பெரியவர்கள் என்னிடம் தனியாகக் கேட்பது. "நான் செத்தா எங்கய்யா கொண்டுபோவீங்க?" கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை. குடும்பக் கல்லறை இருப்பவர்கள் அதையே திறந்து அடுத்தவரை அடக்கம் செய்கிறார்கள். எங்கள் சபையாரில் அப்படி ஒன்று இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. வாழ்நாளில் ஒரு முறை வீட்டை இழந்தவர்கள், சாவிலாவது இடம் மாற்றமாட்டார்கள் என்ற உறுதியைக் கேட்கிறார்கள். நான் இன்னும் கொடுக்க முடியவில்லை. நகரத்துச் சபைத் தலைவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. கட்டடத் திறப்புவிழாக்களுக்கு ஒன்றுகூடும் நாம் இதற்கும் கூட வேண்டும்.

இன்னொன்று, பைண்டிங் அண்ணன் காப்பாற்றிய அந்த ஏட்டோடே சம்பந்தப்பட்டது. சில தாய்மார்கள், "ஞானஸ்நானம் கொடுங்க ஐயா, பேர மட்டும் எழுதாதீங்க" என்கிறார்கள். பிள்ளையின் சாதிச் சான்றிதழைப் பற்றிய பயம். பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்று 1950-ஆம் ஆண்டு ஆணையில் மூடிய கதவு சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. சேரியிலிருந்து லாரியில் ஏற்றும்போது யாரும் எங்களிடம் மதம் கேட்கவில்லை. அந்தத் தாய்மாரிடம் விசுவாசம் குறைவு என்று பேசும் ஊழியர்களைக் கேட்டால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நம்பிக்கையும் உண்டு. எங்கள் வாலிபர்களில் பலர் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள். ஞாயிறுதான் அவர்களுக்கு அதிக ஆர்டர் வரும் நாள், காலை ஆராதனைக்கு வரவே முடியாது. முன்பு இதை நான் பிரசங்கத்தில் கண்டித்திருக்கிறேன். இப்போது ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு அவர்களுக்காக ஒரு கூட்டம் வைக்கிறோம். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பாதி ஜெபத்தில் தூங்கிவிடும் தம்பியை யாரும் எழுப்புவதில்லை. வங்கி அம்மாவிடம் கணக்குப் படித்த பெண் இப்போது கல்லூரி இரண்டாம் வருஷம், சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர்.

மலருக்குச் சேர்த்த பணத்தில் பெரும்பாக்கத்தில் சாலையோரமாக ஒரு தரைத்தள அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வார நாளில் மாலைப் படிப்பகம், ஞாயிறன்று ஆராதனை. சைதாப்பேட்டையில் மிச்சமிருக்கும் மூப்பர்களுக்கு இது எளிதான முடிவு அல்ல. கல் கல்லாகச் சுமந்து கட்டிய இடத்தை விட்டு மாதம் ஒரு ஞாயிறு அங்கே வர ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மைக்கும் நன்றி.

பிப்ரவரி 1, ஞாயிறு, முதல் திருவிருந்து அங்கே. ஜமாத் பெரியவர்களும் கோயில் கமிட்டி அண்ணன்மாரும் ஆராதனை முடிந்து பத்தரைக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும், வெஜிடபிள் பிரியாணிதான். பைண்டிங் அண்ணன் புது ஏடு ஒன்று தைத்துத் தந்திருக்கிறார். அதில் விலாசத்துக்கு இரண்டு கட்டம் இருக்கிறது, பழையது ஒன்று, இப்போதையது ஒன்று. கரைந்த பதினோரு பக்கத்தில் இன்னும் நான்கு குடும்பங்கள் கிடைக்கவில்லை. எழில் நகரிலோ கண்ணகி நகரிலோ பழைய ஆற்றங்கரைக்காரர்கள் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லியனுப்புங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

சைதாப்பேட்டையிலிருந்து வேன் காலை ஏழு மணிக்குக் கிளம்பும். முன்சீட்டு பைண்டிங் அண்ணனுக்கு.

அன்புடன்,
உங்கள் போதகர்
சைதாப்பேட்டை, ஜனவரி 2026