வகுப்புக்கு வராத மாணவருக்கு நீங்கள் அனுப்பும் கடிதம்

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

மாணவர் ஒருவர் இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் தானாகவே போகிறது: வருகைப்பதிவு குறைந்துவிட்டது, விளக்கம் தராவிட்டால் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க நேரிடும். அவரோ இரவெல்லாம் உறக்கமின்றி, பகலெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவர். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்பவர். மருத்துவரிடம் போனால் விசாவுக்கு ஆபத்து என்று ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருந்த அவர், உங்கள் கடிதத்தைப் பார்த்தபின் யாரிடம் வாய் திறப்பார்?

நானும் வெளிநாட்டில் படித்தவன். புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் என்னால் இயன்றதைச் செய்துவருகிறேன். நோயை மறைக்க வைப்பது இந்த அச்சம்தான் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இத்தனைக்கும், நோயுற்ற மாணவருக்குச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர் மருத்துவச் சான்று காட்டி, ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதங்கள் வரை பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். தேவையானால் ஒரு பாடம்கூட எடுக்காமல் இருக்கலாம். ஆனால் அதற்கு உங்கள் விசா பொறுப்பாளரின் அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். இதை அறியாமல் பாடத்தைக் கைவிட்டுவிட்டுப் பிறகு வந்து நிற்பவருக்கு விசா தகுதியே பறிபோகலாம். ஆஸ்திரேலியாவில் கடும் நோய்க்குச் சான்று தந்து படிப்பை ஒத்திவைக்க இடமுண்டு. பிரிட்டனில் படிப்பில் விடும் இடைவெளி 60 நாள்களைத் தாண்டாமல், படிப்பும் விசா காலத்துக்குள் முடியுமானால், பல்கலைக்கழகம் விசா ஆதரவை விலக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த விதிகள் உங்களுக்குத் தெரியும். முதல் வார அறிமுகக் கூட்டத்தில் கொடுத்த தாள்கட்டில் எங்கோ இருக்கவும் கூடும். பயணக் களைப்போடு, வங்கிக் கணக்கு, வாடகை, அடையாள அட்டை என்று அலைந்துகொண்டிருப்பவர் அதை எப்போது படிப்பார்? அப்போது அவர் நலமாகத்தான் இருக்கிறார். முதல் தேர்வில் மதிப்பெண் சரியும்போது, குளிர்காலப் பகல் சுருங்கும்போதுதான் அந்தத் தாள் தேவைப்படுகிறது. அந்நேரம் அது கையில் இருக்காது.

ஆகவே அந்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திருத்துங்கள். உடலோ மனமோ சரியில்லையா என்று முதல் வரியில் கேளுங்கள். பாடச்சுமையைக் குறைக்கவும் படிப்பை ஒத்திவைக்கவும் வழி உண்டு என்பதையும், எதையும் கைவிடுமுன் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அடுத்த வரியில் எழுதுங்கள். மனநல ஆலோசகரிடம் பேசுவதில் எது ரகசியமாக இருக்கும், எந்தச் சூழலில் மட்டும் வெளியே சொல்லப்படும், குடிவரவுத் துறைக்கு நீங்கள் அனுப்புவது என்னென்ன என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். கட்டாயக் காப்பீட்டில் மனநல சிகிச்சை எதுவரை அடங்கும் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஆலோசனை நேரத்தை மாலையிலும் வையுங்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரையிலும், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரையிலும் வேலை செய்யலாம். வகுப்புக்கும் வேலைக்கும் நடுவே பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்குவது பலருக்கு இயலாத காரியம்.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கேட்கிறேன். வருகைப்பதிவைக் கண்காணிக்கும் அதிகாரியிடமே மாணவர் நலனையும் ஒப்படைக்காதீர்கள். நலனுக்கென்று தனியாக ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் நேரடித் தொலைபேசி எண்ணையும் அந்தக் கடிதத்தில் அச்சிடுங்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் இதைச் செய்ய உங்களால் முடியும்.

இப்படிக்கு,
வெளிநாட்டில் படித்த ஒருவன்