2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், செபராங் பிறை, பினாங்கு, மலேசியா

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடல், விளையாட்டுப் போட்டிக்கான உதவி, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான பரிசளிப்பு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். கூட்டத்துக்குக் கூட்டம் நம்மைச் சுற்றி வந்த கேள்வி ஒன்றுதான்: பள்ளியின் கைக்கு வரும் பணம் ஏன் குறைந்துகொண்டே போகிறது?

பத்திரிகையைப் படித்தால் அப்படித் தெரியாது. 2016 ஜனவரியில், எண்ணெய் விலை சரிந்த நேரத்தில், அரசாங்கம் செலவைக் குறைத்து வரவு செலவுத் திட்டத்தையே திருத்தியது. இப்போது அப்படி எதுவும் இல்லை. கல்வி அமைச்சுக்கு 2024இல் 58.7 பில்லியன் ரிங்கிட், 2025இல் 64.1 பில்லியன். ஆனால் அதில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடும். அப்புறம், ஆளுக்கு 150 ரிங்கிட் வந்ததே என்று கேட்ட உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: அது பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அரசாங்கம் பெற்றோர் கையில் கொடுப்பது. பள்ளிக் கணக்கில் ஒரு காசும் சேராது.

நம்மை உண்மையில் வாட்டுவது தலா மானியம், அதாவது ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று அமைச்சு பள்ளிக்குத் தரும் பணம். மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அது வரும். பாடத் துணைப்பொருள், நூல்நிலையம், விளையாட்டு எல்லாம் அதில்தான். ஆறாம் ஆண்டை முடித்துப் போகிறவர்களைவிட முதலாம் ஆண்டில் சேர்கிறவர்கள் நம் பள்ளியில் குறைவு. போகிற பிள்ளையோடு அந்தப் பிள்ளைக்கான மானியமும் போய்விடுகிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களே என்று கூரை குறைவாக ஒழுகுவதில்லை. யாரும் அறிவிக்காமலேயே நடக்கும் வெட்டு இது.

இன்னொரு சங்கடம், நம்முடையது பகுதி உதவி பெறும் பள்ளி. நிலம் அரசாங்கத்தின் பெயரில் இல்லை. ஆசிரியர் சம்பளத்தை அமைச்சு கொடுக்கிறது. கட்டடத்தில் பெரிய பழுது என்றால் பள்ளியின் மேலாளர் வாரியம்தான் பணத்துக்கு அலைய வேண்டும். கல்வி கூட்டரசின் பொறுப்பு என்றாலும், பினாங்கு மாநில அரசாங்கம் 2008க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி வருகிறது. நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாநிலங்களின் சொந்த வருமானம் பெரும்பாலும் நிலத்தை நம்பியது, அந்த ஒதுக்கீடும் சட்டப்படி கட்டாயமானது அல்ல. அதை நம்பி மூன்றாண்டுத் திட்டம் போட முடியாது.

இவ்வாண்டு கழிவறைச் சீரமைப்புக்கு நாம் விண்ணப்பித்த ஒரு மானியத்தில் கேட்டதில் பாதிதான் வந்தது. மீதியைச் சங்கம் போட்டது. தரை ஓடு மாற்றியாயிற்று, தண்ணீர்த் தொட்டி பழையதுதான். ஒரு சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் (எல்லாரும் கூடிச் செய்யும் பொதுப்பணியில்) வந்து சுவருக்குச் சாயம் பூசிய உறுப்பினர்களுக்கு நன்றி. நாசி லெமாக் பொட்டலத்துக்கு மட்டும் வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்!

"எவரிடமும் கேட்க வேண்டாம், எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம்" என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் கைக்காசைப் போட்டுச் சரிசெய்த இடம் அடுத்த விண்ணப்பத்தில் ஏறாது, அங்கேதான் பழுதே இல்லையே. பழுது தெரிந்த அன்றே படம் எடுத்து, மதிப்பீட்டுப் பத்திரத்தோடு வாரியம் வழியாக எழுதிப் போடுவதுதான் சரி. பதில் வரும்வரை ஆபத்தான இடத்தை மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம்.

நம் பணம் போக வேண்டிய இடம் வேறு. தோட்டங்கள் மூடப்பட்ட பிறகு குடும்பங்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, போய்விட்டன. பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. வேன் கட்டணம் கட்டுப்படியாகாமல் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். முதலாம் ஆண்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் வேன் கட்டணத்தில் பாதியை முதல் ஆண்டு முழுவதும் சங்கமே ஏற்க வேண்டும் என்பது செயற்குழுவின் தீர்மானம். ஒரு பிள்ளை சேர்ந்தால் ஆறாண்டு மானியம் கூடவே வரும். இதற்காக மண்டபத்துக்குக் குளிர்சாதனம் வாங்கும் திட்டத்தை ஓராண்டு தள்ளிவைக்கிறோம். சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, தெரியும்.

தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்