நைஸாக அரைத்தால் தப்பா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், உங்கள் சமையல் குறிப்பில் வந்த 'நைஸாக அரைக்கவும்' என்ற வரியை ஒரு பிடி பிடித்திருந்தார். நைஸ் என்றால் ஆங்கிலத்தில் 'நல்ல', 'இனிய' என்றுதான் பொருளாம். மாவை எப்படி 'இனியதாக' அரைப்பது என்று கிண்டல் வேறு. நீங்களும் கீழே 'இனி மென்மையாக என்று எழுதுகிறோம்' என்று பணிவாக ஒரு வரி போட்டுவிட்டீர்கள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

நான் மணப்பாறையில் மாவு மில் நடத்துகிறவன். படித்தது ஆங்கில இலக்கியம், பிழைப்பது அரிசி மாவில். ஒரு நாளைக்கு எத்தனை முறை 'நைஸ்' என்ற சொல் என் காதில் விழுகிறது என்று எண்ணி முடியாது. முறுக்குச் சுடுகிறவர்கள் வந்தால் தூக்கை இறக்குவதற்கு முன்பே "அண்ணே, நல்லா நைஸா வேணும்" என்பார்கள். அடைக்கு அரைக்க வந்தவர் "ரவையா இருக்கட்டும்" என்பார். நைஸ் என்று கேட்டால் திருகைச் சுற்றிக் கல்லை நெருக்க வேண்டும். ரொம்ப நெருக்கினால் மாவு சூடேறிக் கருகல் வாடை வந்துவிடும். அதனால் துணிக் குழாயின் வாயில் கையை நீட்டி, வெதுவெதுவென்று விழுகிற மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பேன். விரலில் ஒரு நெருடல்கூட இருக்கக் கூடாது. அந்தப் பதத்துக்குப் பெயர்தான் நைஸ். இதில் 'இனிய' என்பதற்கு இடமே இல்லை, வாசகர் சொன்னது சரி. ஆனால் ஆங்கிலத்திலும் இந்தச் சொல் நெடுங்காலம் 'இனிய' என்ற பொருளில் இருந்ததில்லை என்பதை அவர் பார்க்கவில்லை.

இதன் பிறப்பு லத்தீனில். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்து 'நெஸ்கியுஸ்', அதாவது ஒன்றும் அறியாதவன். அது பழைய பிரெஞ்சுக்குப் போய் 'மூடன்', 'அசடு' என்று ஆனது. 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதே அசடுதான். 1400இல் இறந்த கவிஞர் சாசர் ஒருவரை நைஸ் என்று எழுதியிருந்தால், பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, 'அறிதல்' என்ற அதே லத்தீன் வேரிலிருந்துதான் 'சயின்ஸ்' என்ற சொல்லும் வந்தது. ஒரே வேரில் ஒரு கிளை அறிவு, இன்னொரு கிளை அறியாமை.

அசடு எப்படி நல்லவன் ஆனான்? ஒரே நாளில் ஆகவில்லை. அசட்டுத்தனம் என்பது கூச்சம், நாசூக்கு, எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிற குணம் என்று மெல்லத் திரும்பியது. முகம் சுளிக்கிறவன் பொறுக்கி எடுப்பவன் அல்லவா? அதனால் 1500களில் 'துல்லியமான', 'நுணுக்கமான', 'மிக மெல்லிய' என்ற பொருள்கள் வந்து சேர்ந்தன. மயிரிழை வேறுபாட்டை இன்றைக்கும் ஆங்கிலத்தில் நைஸ் வேறுபாடு என்றே சொல்வார்கள். 'நைஸெட்டி' என்ற பெயர்ச்சொல்லிலும் நுணுக்கம் என்ற பொருள்தான் இருக்கிறது. நாம் எல்லோரும் அறிந்த 'இனிய' வந்தது 1700களின் பிற்பாதியில், கடைக்குட்டியாக.

வந்த வேகத்தில் அது எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' நாவலில் இதை வைத்தே ஒரு காட்சி உண்டு. கதாநாயகி கேத்தரின் ஒரு புத்தகத்தை நைஸ் என்று புகழ்கிறாள். கூட நடந்து வரும் அவள் நண்பன் ஹென்றி சும்மா விடுவானா? நேர்த்தியான புத்தகம் என்கிறாயா, அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்ததல்லவா என்று கேட்கிறான். அப்புறம், இந்த நாளும் நைஸ், இந்த நடையும் நைஸ், நீங்களும் நைஸ் என்று அடுக்கி அவளை ஓட்டுகிறான். உங்கள் வாசகர் நம்மைப் பிடித்துக்கொண்டது 'இனிய' என்ற பொருளில் வரவில்லையே என்று. ஹென்றி அவளைப் பிடித்துக்கொண்டது அந்தப் பொருளில் வந்துவிட்டதே என்று!

தமிழிலும் இப்படிப் பொருள் மாறிய சொல் உண்டு. நாற்றத்தை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன். 'மடம்' என்ற சொல்லைப் பாருங்கள். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு அழகாக எண்ணிய நான்கில் ஒன்று அது. மடமை என்றால் அறியாமை. குறள் 153இல் 'மடவார்ப் பொறை' என்று வள்ளுவர் சொல்கிற மடவார் அறிவில்லாதவர்கள். வேறு பாட்டுகளில் அதே மடவார் அழகிய பெண்கள். ஒன்றும் அறியாதது அழகு என்று நினைத்த காலம் அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. அது அழகா என்பது வேறு சண்டை, இந்தக் கடிதம் தாங்காது.

சரி, மாவுக்கு வருகிறேன். ஆங்கிலத்தின் 'மிக மெல்லிய', 'நுணுக்கமான' என்ற அந்த நடுக்காலப் பொருளும், என் கல்லுக்கு அடியில் விழுகிற பதமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம் பாருங்கள். அந்தப் பொருள் அப்படியே கப்பலேறி வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். நம்மிடம் ஏற்கெனவே 'நைய இடித்தல்' இருந்தது, 'நையப் புடைத்தல்' இருந்தது, நைந்த துணி இருந்தது. மளிகைக் கடையில் 'நயம் பருப்பு' இருந்தது. பழகின முகம் போலத் தெரிந்ததால் வெளியூர்ச் சொல்லுக்கு உடனே வீடு கிடைத்துவிட்டது என்பது என் ஊகம். 'நைஸாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துவிட்டான்' என்கிறோமே, அதில் 'நயமாகப் பேசி' என்பது காதில் விழவில்லையா? கடன் கேட்டவனைக் கண்டதும் 'நைஸாக நழுவினான்' என்பதை எந்த ஆங்கிலேயனும் சொல்லித் தரவில்லை. அது முழுக்க நம்முடையது.

எழுத்துக் கூட்டலையும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எங்கள் வீட்டில் சிக்கல். ஏழாவது படிக்கும் மகள் கட்டுரையில் இதை 'என், ஏ, ஐ, எஸ்' என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் வாங்கி வந்தாள். காதில் கேட்டதை எழுதியிருக்கிறாள், பாவம். மில் வாசலில் கிடந்த அரிசி மூட்டையில் 'ரைஸ்' என்று அச்சடித்திருந்ததைக் காட்டினேன். முதல் எழுத்தை மட்டும் மாற்று, வால் அதேதான்: ஐ, சி, இ. 'சி'க்குப் பின்னால் 'இ' வந்தால் அது 'க்' என்று ஒலிக்காது, 'ஸ்' என்று ஒலிக்கும். கடைசி 'இ' தனக்கென்று வாய் திறக்காது, ஆனால் அதை எடுத்துவிட்டால் சொல் 'நிக்' ஆகிவிடும். அவளுக்குப் புரிந்தது. கல்லூரி போகும் அவள் அண்ணன்தான் கெடுத்தான். வாட்ஸாப்பில் எவனோ ஒருவன் படத்துக்குக் கீழே 'என், ஒய், சி' என்று போட்டிருந்ததைக் காட்டி "இதுவும் நைஸ்தான்" என்றான். திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சாசர் காலத்துக் கையெழுத்துப் படிகளிலும் இந்தச் சொல்லில் 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒய்' உண்டு. பையனுக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. சொன்னால் பரீட்சையிலும் எழுதிவைப்பான். (பிரான்சில் இதே நான்கு எழுத்தில் ஒரு கடற்கரை நகரம் இருக்கிறது. அதை 'நீஸ்' என்று படிக்க வேண்டும். அது கிரேக்கர் வைத்த பெயரிலிருந்து வந்தது, நம் சொல்லுக்கு உறவே இல்லை.)

ஆகவே, 'மென்மையாக' என்ற திருத்தத்தை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். மென்மை என்பது அரைத்த மாவில் பிசைந்த இடியாப்பத்துக்குப் பொருந்தலாம், அரைக்கிற பதத்துக்குப் பொருந்தாது. நாளைக்கே யாராவது உங்கள் இதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து "அண்ணே, மென்மையா அரைச்சுக் குடுங்க" என்று நின்றால், திருகை எந்தப் பக்கம் சுற்றுவது என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்படிக்கு,
மாவு மில்காரர்,
மணப்பாறை.