கருத்தரங்கை நடத்திய ஊழியர்களுக்கு நன்றி

ஆசிரியருக்கு வணக்கம். வங்கி ஊழியர்களுக்கான மோசடித் தடுப்புக் கருத்தரங்கு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பேசிய அதிகாரிகளின் படம் வந்திருந்தது, சரி. ஆனால் அதை ஏற்பாடு செய்த ஊழியர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கவுன்டர் வேலையையும் பார்த்துக்கொண்டு, சைபர் குற்றப் பிரிவு போலீசாரை அழைத்து, வழக்கு விவரங்களை எளிய தமிழில் தொகுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். கலந்துகொண்ட வங்கி ஊழியன் என்ற முறையில் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

மோசடிக்காரர்கள் போலீஸ் போல வீடியோ அழைப்பில் வந்து, கைது செய்துவிட்டதாகச் சொல்லிப் பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். இந்த 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. இருந்தும் அந்த மிரட்டலுக்குப் பயந்து வைப்புத்தொகையை முறிக்க வரும் முதியவரைக் கடைசி நேரத்தில் தடுக்கக்கூடியவர் கவுன்டரில் இருப்பவரே. எங்கள் கிளைக்கு அப்படி வந்த ஓர் அம்மாவை, இளம் எழுத்தர் ஒருவர் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்ததால்தான் பணம் தப்பியது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும், தாமதித்தால் அது பல கணக்குகளுக்கு மாறிவிடும் என்பதையும் கருத்தரங்கில் தெளிவாக விளக்கினார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் தர வங்கிக்கு வரும் நவம்பரில், இதே ஊழியர்களைக் கொண்டு கிளைதோறும் அரை மணி நேரக் கூட்டம் நடத்த நிர்வாகங்கள் முன்வர வேண்டும். அதற்கான நேரத்தை அவர்களின் பணி நேரத்திலேயே ஒதுக்கித் தர வேண்டும்.