சீட்டுக் கணக்கில் இருக்கிறது ஈர்ப்பு

ஆசிரியருக்கு,

வணக்கம். பதின்ம வயதினர் டிஸ்டோபியன் நாவல்களை, அதாவது கொடுமையான ஆட்சியில் சிக்கிய கற்பனை உலகக் கதைகளை, விழுந்து விழுந்து படிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்தனை இருட்டான கதைகள் பிள்ளைகளுக்கு ஏன் பிடிக்கின்றன என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் கட்டுரை கதையில் விழும் பிணங்களை எண்ணுவதோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்கவில்லை.

சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 27 அத்தியாயங்கள். முதல் பத்து அத்தியாயங்கள் முடியும்வரை அந்தக் கொலைப் போட்டி தொடங்குவதே இல்லை. கொலைக்காகத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் அதற்குள் பாதிப் பேர் புத்தகத்தை மூடி வைத்திருப்பார்கள். மூடாததற்குக் காரணம் முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு கணக்கு.

பனெம் என்ற நாட்டில் 12 மாவட்டங்கள். ஆண்டுதோறும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண் என 24 பேரைக் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை மோத விடுவார்கள். 12 வயதானால் குலுக்கலில் உங்கள் பெயரில் ஒரு சீட்டு. 13இல் இரண்டு. இப்படியே ஏறி 18இல் ஏழு. இதுவரை எல்லோருக்கும் ஒரே சட்டம். ஆனால் வீட்டில் சோறில்லை என்றால், கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டு ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அரைவயிற்றுக்குத்தான் காணும். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை சீட்டுப் போடலாம். போட்ட சீட்டு போனதில்லை, அடுத்த ஆண்டுக் கணக்கிலும் சேரும். தலைக்கு இத்தனை கிலோ என்று ரேஷன் கடையில் அளந்து வாங்கிய பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

இனி கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாயகி காட்னிஸுக்கு 16 வயது. வயதுக்கு 5 சீட்டு. அம்மா, தங்கை, தான் என மூன்று பேருக்கு ஐந்து ஆண்டு தானியம் வாங்கியதில் 15. ஆக 20. அவள் தோழன் கேலுக்கு 18. வீட்டில் ஐந்து பேர், ஏழு ஆண்டு, 35, வயதுக்கு 7, ஆக 42. குலுக்கல் நாள் காலையில் இருவரும் மேயர் வீட்டுப் பின்வாசலில் ஸ்ட்ராபெர்ரி விற்கிறார்கள். கதவைத் திறக்கும் மேயர் மகள் மேட்ஜ் வெள்ளை உடுப்பில் நிற்கிறாள், அதில் ஒரு தங்க ஊசி. அதை விற்றால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிடலாம். அவளுக்கும் காட்னிஸ் வயதுதான். அதிகம் போனால் ஐந்து சீட்டு இருக்கும், எனக்கு 12 வயதிலேயே ஆறு இருந்தது என்று கேல் அவளிடம் வெடிக்கிறான். சீட்டுத் திட்டத்தை வகுத்தது தலைநகரம்; கோபம் விழுவது பக்கத்துத் தெருப் பெண் மேல். ஏழைக்கும் கொஞ்சம் வசதியானவனுக்கும் நடுவே பகையை மூட்டுவதற்கென்றே அந்தத் திட்டம் என்று நாவலும் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். வாசகரின் வயதும் குலுக்கலின் வயதும் ஒன்று. எனக்கு எத்தனை சீட்டு என்று கணக்குப் போடாத 14 வயது வாசகர் அபூர்வம். பெரியவர்கள் போட்ட சட்டம், எல்லோருக்கும் பொது என்ற அறிவிப்பு, உள்ளே போனால் ஆளுக்கொரு தராசு: இதை அந்த வயது மோப்பம் பிடித்துவிடும்.

மற்ற நல்ல நாவல்களிலும் வயதுதான் வாசற்படி. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993, சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்காவின் நியூபெரி பதக்கத்தை மறு ஆண்டு பெற்றது) 12 வயதில் பெரியவர்களே வேலையை ஒதுக்கிவிடும் ஊரைக் காட்டுகிறது. நிறமே தெரியாத அந்த ஊரில், தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஓர் ஆப்பிளில் நாயகன் ஜோனஸுக்கு மட்டும் ஏதோ மாறித் தெரிகிறது. அது சிவப்பு என்று அவனுக்குப் பிறகுதான் புரியும். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) நாவலில் 16 வயதில் ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கையைக் கீறி அந்தப் பிரிவின் கிண்ணத்தில் ரத்தம் சிந்த வேண்டும். பிரிவு மாறினால் பெற்ற வீடு போயிற்று. அந்த ஒரு காட்சி அருமை. ஆனால் அந்த உலகம் முழுசாக நிற்கவில்லை என்பது என் கருத்து. ஐந்து குணங்களாக ஊரைப் பிரித்த சட்டம் யார் வயிற்றைச் சுடுகிறது என்பது அதில் தெளிவாக இல்லை. காலின்ஸின் சட்டம் வயிற்றில் தொடங்குகிறது.

பள்ளியிலோ வீட்டிலோ இவற்றைக் கொடுப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 11, 12 வயதுக்கு 'தி கிவர்' போதும். 23 சிறு அத்தியாயங்கள்தான். 'ஹங்கர் கேம்ஸ்' 13க்கு மேல். அதன் முதல் அத்தியாயத்தை மட்டும் உரக்கப் படித்து, கடைசி வரியில் நிறுத்திவிடுங்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து அவரவர் வீட்டுத் தலைக்கணக்கில் சீட்டை எண்ணச் சொல்லுங்கள். நான்கு பேர் வீட்டில் 16 வயதுப் பிள்ளைக்கு 25 வர வேண்டும். 9 என்று சொல்பவர்கள் இருப்பார்கள். தானியச் சீட்டும் ஆண்டுக்கு ஆண்டு சேரும் என்பதை விட்டிருப்பார்கள். திருத்தும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். நீதி என்ன என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், பேச்சு அதோடு செத்துவிடும்.

2012இல் வந்த திரைப்படத்தை முதலில் காட்டுவது பலர் செய்யும் தவறு. நாவல் முழுக்க காட்னிஸ் தன்மையில், நிகழ்காலத்தில் பேசுகிறாள். அடுத்த நொடி உயிரோடு இருப்போமா என்பது அவளுக்கே தெரியாது. படமோ போட்டியை நடத்துபவர்களின் கட்டுப்பாட்டு அறைக்குள் நம்மைக் கூட்டிப் போய்விடுகிறது. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டால் புத்தகத்தின் பாதி பலம் போச்சு.

முதல் மூன்று பாகங்களையும் கட்டாகக் கொடுப்பது இன்னொரு தவறு. மூன்றாவதான 'மாக்கிங்ஜே' (2010) போரடிக்கிறது என்று பலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். அதில் போட்டிக்களம் கிடையாது. அழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டு நிலத்தடியில் வாழும் 13ஆம் மாவட்டத்தில் தினமும் காலையில் அன்றைய வேலைப் பட்டியலைக் கையில் மையால் பதிக்கிறார்கள். அடிபட்ட மனதோடு காட்னிஸ் அதை மதிக்காமல் அலைகிறாள். காலின்ஸின் தந்தை வியட்நாம் போரில் இருந்தவர். போர் முடிந்தபின் ஒரு பிள்ளையிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அந்தப் பாகம். இரண்டாவதை முடித்து சில மாதம் கழித்து, 15 வயதை ஒட்டிக் கொடுங்கள். முதல் அத்தியாயத்துச் சீட்டை நினைவில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முடிவை இங்கே சொல்ல மாட்டேன். அதைப் படிக்கும் நாளில் பெரியவர் ஒருவரும் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி நூலகர் ஒருவர்,
திருச்சி