குதிகால் சோதனையும் ‘எலும்புத் தேய்மானமும்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “குதிகாலில் அல்ட்ராசவுண்ட் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் எலும்புத் தேய்மானம் தெரிந்துவிடும்” என்று தங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. அச்சேறுமுன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கலாம்.

ரப்பர் தோட்டத்தில் எலும்புத் தேய்மானம் என்றால் முட்டி வலி என்றே எடுத்துக்கொள்வார்கள். முட்டி தேய்ந்தால் வலிக்கும். குதிகால் சோதனை தேடுவதோ எலும்புப்புரையை, அதாவது எலும்பு உள்ளே மெலிந்து எளிதில் முறியும் நோயை. அது வலிக்காது, வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறியும்வரை ஆள் நன்றாகவே நடமாடுவார். “எனக்குத்தான் வலியே இல்லையே” என்று எத்தனை அம்மாக்கள் சோதனைக்கு வராமல் போகிறார்கள்! எத்தனை வருடமாக ‘எலும்புத் தேய்மானம்’ என்ற சொல்லையே போட்டு வருகிறீர்கள்?

கருவியில் குறை இல்லை. குதிகால் எலும்பின் உள்பகுதி பஞ்சு போன்றது. அது மெலிந்தால் ஒலி மெதுவாகப் போகும், ஒலி மங்குவதும் குறையும். கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் கோயில் மண்டபத்து முகாமில் அவசரமாகச் செய்யும்போதுதான் கெடுகிறது. ரப்பர் பால் வெட்டி நின்று நின்று பித்தவெடிப்பு கண்ட காலில் ஜெல்லை மேலாகத் தடவினால் வெடிப்புக்குள் காற்று தங்கிவிடும். அதைத் தாண்டி ஒலி போகாது. கால் வீங்கியிருந்தாலும், மழையில் நனைந்து சில்லிட்டிருந்தாலும், பாதம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எண் மாறும். காலையிலேயே, அளவு முன்பே தெரிந்த மாதிரிக்கட்டையை வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு காலை நன்றாகத் துடைத்து, இரு பக்கமும் ஜெல்லைத் தாராளமாகப் பூசி, பாதத்தை அசையாமல் நேராக வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாத முகாமில், சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து மேசையில் பால்மாவு டின் விற்பதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

அந்தச் சீட்டில் இருக்கும் டி-ஸ்கோர் எண்ணைப் பற்றியும் (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்வது) தங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் எலும்புப்புரைக்கு வகுத்த −2.5 என்ற எல்லை, எக்ஸ்ரே கொண்டு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு உரியது. குதிகால் கருவிக்கு அல்ல. குதிகாலில் −1.8 வந்தவருக்கு இடுப்பில் புரை இருக்கலாம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இந்தக் கருவி உதவாது.

மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்குக் கருவியே வேண்டாத ஒரு கணக்கு உண்டு. கிலோ எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும். 45 கிலோ, 68 வயது என்றால் −4.6. −4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். முகாம் சீட்டில் ‘நார்மல்’ என்று இருந்தாலும் டெக்ஸா எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கை அடுத்த ஞாயிறு ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். தலைப்பில் ‘எலும்புப்புரை’ என்றே போடுங்கள்.

எலும்பு மருத்துவப் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்