படிக்கட்டின் முகப்பில் நின்றவருக்கு

இடி முழங்கிய சிறிது நேரத்தில் மின்சாரம் தடைபட்டு, அரங்கின் ஒலிபெருக்கியும் மின்திரையும் ஒருசேர அடங்கிவிட, மேல் அடுக்கிலிருந்த நாங்கள் அனைவரும் ஒரே படிக்கட்டை நோக்கி நெருக்கினோம்.

அப்போது யாரும் கேளாமலே நீங்கள் அதன் முகப்பில் நின்று, உலோகக் கைப்பிடிகளைத் தொடவேண்டாம் என்று உரக்கச் சொல்லியபடி, வரிசை வரிசையாக எங்களைக் கூரையுள்ள உள்நடைபாதைக்கு அனுப்பினீர்கள். தடியூன்றி நடக்கும் என் தந்தைக்கு உங்கள் மழை அங்கியையும் போர்த்திவிட்டீர்கள். மழை விட்ட பிறகும், கடைசி இடியோசையிலிருந்து 30 நிமிடங்கள் கழியும்வரை எவரையும் இருக்கைக்குத் திரும்ப நீங்கள் விடவில்லை. மழை பெய்யாத இடத்திலும், மேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும்கூட மின்னல் தாக்கக்கூடும் என்பதை அறியாமல் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன், பொறுத்தருளுங்கள்.

பெயரைக்கூடக் கேட்கத் தவறினேன். இப்பதிவு உங்களை எட்டினால், எங்கள் இருவரின் நன்றியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மழை அங்கி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.